வீட்டுக்கு வருவது அலுவலகமா, அதன் திரையா, ஒரு கதவு மட்டுமா?

அலுவலக மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் கணக்குக் கோப்பு ஒன்றைத் திறக்கும்போது, அவருடைய மடிக்கணினி அந்தக் கோப்பு இருக்கும் சர்வரை 10.0.0.15 போன்ற ஒரு முகவரியில் தேடிப் போகிறது. அதே மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துச் சென்று அதே கோப்பைச் சொடுக்கினால், சற்று நேரம் சுழன்றுவிட்டு, சர்வரைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். இதில் பழுது எதுவும் இல்லை. 10 என்று தொடங்கும் முகவரிகளும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், நிறுவனங்களும் வீடுகளும் தத்தம் உள்வலைக்குள் புழங்கிக்கொள்வதற்காக 1990-களிலேயே ஒதுக்கிவைக்கப்பட்டவை. அதே எண்ணைத் தாங்கிய கணினிகள் உலகெங்கும் எண்ணற்றவை இருப்பதால், பொது இணையத்தின் ரவுட்டர்கள் அந்த முகவரிக்கு வழி சொல்வதில்லை.

ஆகவே, சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய நேரும்போது, யாராவது ஒருவர் ஒரு வழியை வெட்டித் தர வேண்டியிருக்கிறது. எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதில்தான் பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த வழியாக ஊழியரின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது அலுவலகத்தின் உள்வலை முழுவதுமா, அங்குள்ள ஒரு கணினியின் திரை மட்டுமா, அல்லது குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்கான கதவு மட்டுமா?

அவசரத்தில் செய்யப்படும் மிக மோசமான தீர்வு எது என்பதை முதலில் சொல்லிவிடலாம். அலுவலகங்களில் புழங்கும் விண்டோஸ் பதிப்புகளில், தூரத்திலிருந்தே ஒரு கணினியின் திரையைப் பார்த்து அதை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், 3389 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றில், இணைப்புக்காகக் காத்திருக்கும். உள்வலைக்கும் இணையத்துக்கும் இடையே காவல் நிற்கும் அலுவலக ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், செலவும் இல்லை. ஆனால் திறந்த கதவைத் தேடுபவர்களுக்கும் அதிக நேரம் ஆவதில்லை. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். அவை அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இலேயே தங்கள் இசட்மேப் மென்பொருளால் காட்டிவிட்டார்கள். நம்முடைய அலுவலகம் சிறியது, நம்மை யார் தேடப்போகிறார்கள் என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை. தேடுவது இயந்திரம், அது எல்லோரையும் தேடுகிறது. 2019 மே மாதத்தில் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை, கடவுச்சொல் கேட்கப்படும் நிலைக்கு முன்பே கணினியைக் கைப்பற்ற இடம் கொடுத்தது. ஆதரவு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அதன் தீவிரத்தை உணரலாம்.

பெரும்பாலானோர் அடுத்து நாடுவது வி.பி.என். என்னும் சுரங்கவழி. இது இயங்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன்தரும், ஏனென்றால் அதன் பலமும் பலவீனமும் அந்த விதத்திலேயே அடங்கியிருக்கின்றன.

ஊழியரின் மடிக்கணினியில் வி.பி.என். மென்பொருள் ஓடத் தொடங்கியதும், உண்மையில் இல்லாத ஒரு வலை அட்டையை அது உருவாக்குகிறது. 10.0.0.15-க்குப் போக வேண்டிய பொட்டலங்களை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, இயங்குதளம் அந்தப் போலி அட்டையிடம் ஒப்படைக்கும். வி.பி.என். அந்தப் பொட்டலத்தை முகவரியோடு சேர்த்து, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, அலுவலக நுழைவாயிலின் பொது முகவரி எழுதிய இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புகிறது. வழியிலுள்ள ரவுட்டர்களுக்கு வெளி உறை மட்டுமே தெரியும். நுழைவாயில் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொட்டலத்தை அது அலுவலகத்திலேயே பிறந்ததைப் போல உள்வலையில் விடுகிறது. இரு முனைகளும் பூட்டுவதற்கான திறவுகோலை ஒருபோதும் இணையத்தின் வழியே அனுப்புவதில்லை. 1976-இல் மறையாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கணித முறையின்படி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பகுதியை வெளிப்படையாகப் பரிமாறிக்கொண்டு, ஒரே இரகசிய எண்ணைத் தனித்தனியே கணக்கிட்டு அடைகிறார்கள். பரிமாற்றத்தை முழுவதும் ஒட்டுக்கேட்டவருக்கும் அந்த எண் கிட்டுவதில்லை.

உறைக்குள் உறை வைப்பதற்கும் இடம் வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை சுமக்கும். வயர்கார்டு என்ற வி.பி.என். தன் உறைக்காக முகவரி முறையைப் பொறுத்து 60 அல்லது 80 பைட் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் உள்பொட்டல அளவு வழக்கமாக 1420 என்று வைக்கப்படுகிறது. வீட்டு இணைப்பு 1500-க்கும் குறைவாகவே சுமப்பதாக இருந்து, அது கவனிக்கப்படாமல் போனால் விசித்திரமான கோளாறு ஒன்று தோன்றும்: இணைப்பு கிடைக்கும், சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைந்துபோகும். ஊழியர் சர்வரைக் குறை சொல்வார், ஐ.டி. பிரிவு வீட்டு வைஃபையைக் குறை சொல்லும். தவறு அந்த எண்பது பைட்டில் இருக்கும். இதே வகையான இன்னொரு தொல்லை, அலுவலகமும் வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்ற ஒரே தொடரைப் பயன்படுத்துவது. அப்போது அலுவலக பிரிண்டருக்கு அனுப்பிய பொட்டலத்தை மடிக்கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அலுவலகத்துக்கு அதிகம் புழங்காத ஒரு முகவரித் தொடரை முன்கூட்டியே கொடுத்துவைப்பது இந்தத் தலைவலியைத் தவிர்க்கும்.

எந்த வி.பி.என்.? பழைய பி.பி.டி.பி. முறை வேண்டவே வேண்டாம். அதன் அடையாளச் சரிபார்ப்பை ஒரு நாளுக்குள் உடைத்துவிடலாம் என்று 2012-இல் நிரூபிக்கப்பட்டது. ஐபிசெக், ஓப்பன்விபிஎன், வயர்கார்டு ஆகிய மூன்றில் எதையும் ஒழுங்காக அமைத்தால் நம்பலாம். சுமார் நான்காயிரம் வரி நிரலில் முடிந்துவிடும் வயர்கார்டு, 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இடம்பெற்றது. ஒருவர் உட்கார்ந்து முழுவதும் வாசித்துவிடக்கூடிய நிரல் என்பது பாதுகாப்பில் சிறிய தகுதி இல்லை என்பது என் கருத்து. மறையாக்கம் உடைந்து வி.பி.என். வீழ்ந்ததாகக் கேள்விப்படுவது அரிது. வீழ்ச்சி வேறு பக்கங்களிலிருந்து வருகிறது.

அந்தப் பக்கங்களில் ஒன்று நுழைவாயில் கருவியே. அது இணையத்தைப் பார்த்து நிற்கும் ஒரு கணினி. அதிலும் ஓட்டைகள் வரும். பல்ஸ் செக்யூர் நிறுவனத்தின் வி.பி.என். கருவியில், லாகின் செய்யாமலே உள்ளிருக்கும் கோப்புகளைப் படிக்க முடிந்த ஓட்டைக்கு 2019 ஏப்ரலில் திருத்தம் வந்தது. ஓராண்டுக்குப் பிறகு, 2020 ஏப்ரலில், அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை ஓர் எச்சரிக்கை விடுத்தது: திருத்தத்தைப் போட்ட நிறுவனங்களுக்குள்ளும் திருடர்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள். திருத்தம் போடுவதற்கு முன்பே திருடப்பட்ட கடவுச்சொற்களை அந்த நிறுவனங்கள் மாற்றவில்லை. பூட்டைச் சரிசெய்தவர்கள் சாவி வெளியே போயிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

மற்றொரு பக்கம் ஊழியரின் கணினி. வி.பி.என். அலுவலகத்தின் எல்லையையே அவருடைய வீடு வரை நீட்டிவிடுவதால், அந்தக் கணினியில் மால்வேர் என்னும் தீய நிரல் இருந்தால் அதுவும் உள்வலையில் சேர்ந்துவிடுகிறது. எனவே, அலுவலகம் கொடுத்த, அலுவலகம் பராமரிக்கும் மடிக்கணினிக்கு மட்டுமே வி.பி.என். கொடுப்பது முறை. அப்போதும் கணக்காளருக்குக் கணக்குச் சர்வர் தெரிந்தால் போதும். மற்ற அனைத்தும் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? நுழைவாயிலில் விதிகளை எழுதி இதைக் கட்டுப்படுத்த முடியும் என்றாலும், அவசரத்தில் திறக்கப்படும் வி.பி.என்.களில் இந்த விதிகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுவதுதான் வழக்கம்.

ஊழியரின் இணையப் போக்குவரத்து அனைத்தையும் சுரங்கத்துக்குள் விடுவதா, அலுவலகத்துக்குரியதை மட்டும் விடுவதா என்ற விவாதமும் உண்டு. அனைத்தும் அலுவலகம் வழியே போனால் கண்காணிப்பு எளிது. ஆனால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வீடியோ கூட்டத்தில் அமர்ந்தால், ஒவ்வொருவருடைய படமும் அலுவலக இணைப்புக்குள் ஒருமுறை வந்து மறுபடியும் வெளியே போகும், இணைப்பு திணறும். வீடியோ கூட்டச் சேவைகள் தாமே மறையாக்கம் செய்பவை என்பதால், அவற்றைச் சுரங்கத்துக்கு வெளியே விட்டுவிடுவதில் தவறில்லை.

இரண்டாவது வழி, திரையை மட்டும் அனுப்புவது. கணினி அலுவலகத்திலேயே இருக்கும். அதன் திரையின் படம் வீட்டுக்கு வரும், விசைத்தட்டலும் மவுஸ் அசைவும் அங்கே போகும். கோப்புகள் அலுவலகத்தை விட்டு நகர்வதில்லை. முன்பு சொன்ன ஆபத்தான ரிமோட் டெஸ்க்டாப்பேதான் இது. வேறுபாடு என்னவென்றால், 3389 இணையத்துக்குத் திறக்கப்படாமல், முதலில் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஒரு நுழைவாயிலின் பின்னால் அமர்ந்திருக்கும். சொந்தக் கணினியை மட்டுமே நம்பியிருக்கும் ஊழியருக்கு இது வி.பி.என்.ஐ விடப் பொருத்தமானது. ஆனால் நகலெடுத்து ஒட்டும் வசதியும், வீட்டுக் கணினியின் டிஸ்க்கை அலுவலகக் கணினியில் காட்டும் வசதியும் இயல்பாகவே திறந்திருக்கக்கூடும். அவற்றை மூடாவிட்டால், திரை மட்டும் என்று நினைத்த வழியில் கோப்பும் சேர்ந்து வந்துவிடும். தட்டப்படும் விசைகளை ஒளிந்து கவனிக்கும் மால்வேர் வீட்டுக் கணினியில் இருந்தால் அதை இந்த முறை தடுக்காது. இன்னொரு விஷயம், சொன்னால் சிரிப்பு வரும்: அலுவலகக் கணினியை யாராவது பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டால், அதை மறுபடியும் போடுவதற்கு ஒரு மனிதர் அங்கே போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியில் உள்வலை நீட்டப்படுவதே இல்லை. உள்ளே இருக்கிறார், ஆகவே நம்பலாம் என்ற பழைய எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்று ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கிண்டர்வாக் 2010-இல் வாதிட்டு, அதற்கு ஜீரோ டிரஸ்ட் என்று பெயரிட்டார். 2009-இல் பெரிய ஊடுருவல் ஒன்றைச் சந்தித்த கூகுள், தன் ஊழியர்கள் வி.பி.என். இல்லாமலே எங்கிருந்தும் வேலை செய்யும்படி தன் அமைப்பை மாற்றியமைத்தது. இன்று கிடைக்கும் இத்தகைய சேவைகள் பலவற்றில், அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய நிரல் தானே வெளியே சென்று இடைத்தரகர் சேவை ஒன்றுடன் தொடர்பு கொண்டு காத்திருக்கும். ஊழியரும் அந்த இடைத்தரகரிடம் வருவார். அவர் யார், அவருடைய கணினி எந்த நிலையில் இருக்கிறது, அவர் கேட்கும் மென்பொருளுக்கு அவருக்கு உரிமை உண்டா என்பவை சரிபார்க்கப்பட்ட பிறகு இரண்டும் இணைக்கப்படும். அலுவலக ஃபயர்வாலில் உள்நோக்கித் திறந்த போர்ட் ஒன்றுகூட இருக்காது. இயந்திரங்கள் தட்டிப் பார்க்கக் கதவே இல்லை. உலாவியில் இயங்கும் மென்பொருள்களுக்கு இது மிகவும் நேர்த்தி. பகிர்ந்த ஃபோல்டரை நேரடியாகத் தேடும் பழைய கணக்கு மென்பொருளுக்கு இதைப் பொருத்துவது சிரமம், இடைத்தரகரை முழுதாக நம்பவும் வேண்டியிருக்கிறது.

மூன்றில் எதைத் தேர்ந்தாலும் வாசலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: நீங்கள் யார்? கடவுச்சொல் மட்டும் போதாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கைபேசி செயலியில் 30 நொடிக்கொரு முறை மாறும் ஆறு இலக்க எண், செயலியும் சர்வரும் தொடக்கத்தில் பகிர்ந்துகொண்ட ஓர் இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் கலந்து கணக்கிடப்படுவது. கைபேசியில் இணையம் இல்லாவிட்டாலும் இயங்கும். ஆனாலும் அதை ஊழியரே வாசித்துச் சொல்லிவிட முடியும். 2020 ஜூலையில் டுவிட்டர் நிறுவனத்தில் நடந்தது இதன் ஓர் உருவம்தான். வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த ஊழியர்களை ஐ.டி. உதவிப் பிரிவு என்று சொல்லித் தொலைபேசியில் அழைத்தவர்கள், உங்கள் வி.பி.என். சிக்கலைச் சரிசெய்கிறோம் என்று போலிப் பக்கம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே தட்டப்பட்டவை உடனுக்குடன் உண்மையான பக்கத்தில் இடப்பட்டன. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் சிலரிடம் அப்படியே கடந்து போயிற்று. எஃப்.ஐ.டி.ஓ. முறையிலான பாதுகாப்புச் சாவி என்னும் சிறு கருவி இங்கே வேறுபடுகிறது. எந்தத் தளத்துக்காகக் கையெழுத்திட வேண்டும் என்பதை அதற்குச் சொல்வது உலாவி. போலித் தளத்தின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அந்தப் பெயருக்குரிய சாவி தன்னிடம் இல்லை என்று கருவி மறுத்துவிடும். ஊழியர் ஏமாந்தாலும் கருவி ஏமாறுவதில்லை. எல்லோருக்கும் வாங்க முடியாவிட்டால், நிர்வாகி உரிமை உள்ளவர்களுக்காவது இதை முதலில் கொடுக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே வழியைக் கொடுக்கமாட்டேன். மின்னஞ்சலும் உலாவி வழியே திறக்கும் ஒரு மென்பொருளும் போதும் என்பவருக்குக் கதவு. வீட்டில் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் கணினியை வைத்திருப்பவருக்குத் திரை. அலுவலக மடிக்கணினியோடு பல சர்வர்களை நேரடியாகத் தொட வேண்டியவருக்கு மட்டும், அந்தச் சர்வர்களின் பெயர் எழுதிய விதிகளோடு, வி.பி.என்.

கடைசியாக, 'தற்காலிகம்' என்ற சொல். அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் நிறுவனம், 2021 மே 7 அன்று, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலால் தன் குழாய்வழியையே நிறுத்த வேண்டியதாயிற்று. 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர், கப்பமாகச் சென்றது. திருடர்கள் நுழைந்தது, புழக்கத்தில் இல்லாத, ஆனால் மூடப்படாமல் இருந்த ஒரு வி.பி.என். கணக்கின் வழியே. அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவல்.

கணக்கை மூட வேண்டும் என்று யாராவது நினைவில் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதைவிட, திறக்கும்போதே முடிவுத் தேதியை எழுதிவிடுவது மேல். ஊழியரின் கணக்கிலும் மடிக்கணினிக்குக் கொடுக்கும் சான்றிதழிலும் 90 நாள் என்று குறித்துவிட்டால், 91-ஆம் நாள் காலையில் சுரங்கம் தானாகவே திறக்க மறுக்கும். வழி இன்னும் தேவைப்படுபவர் தொலைபேசியில் கேட்பார். அப்படிக் கேட்பவரிடம் உடனே நீட்டிப்புக் கொடுத்துவிடாமல், அழைப்பைத் துண்டித்து, பதிவேட்டில் அவருக்கென இருக்கும் எண்ணுக்குத் திரும்ப அழைத்துப் பேசிய பிறகே உதவிப் பிரிவு அதைச் செய்ய வேண்டும்.