முதல் டிப்பர் வருவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. தம்பலகாமத்துப் பக்கம் ஒரு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, உயரம் பார்க்கிற லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரோட்டிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது, நான் வந்து பிரயோசனமில்லை என்று. கம்பனி ஸ்டோர் (களஞ்சியசாலை) கட்டுவதற்காக வயல் நடுவே இரண்டு ஏக்கருக்குச் சிவப்புக் கிரவல் மண் கொட்டிக் கிடக்கிறது, பெக்கோ மெசின் அதை நிரவிக்கொண்டிருக்கிறது, பக்கத்து வரம்பில் குடையோடு ஒரு பெரியவர். "தம்பி, இனி அளந்து என்ன செய்யப் போறீங்கள்?" என்று அவரே கேட்டார்.

நான் நில அளவையாளர். ஊரில் சொல்வதானால் சேவையர். திருகோணமலை மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் சங்கிலி இழுத்திருக்கிறேன். கம்பனிகளுக்கும் அளந்து கொடுத்தவன்தான், அதை மறைக்கவில்லை. ஸ்டோரே வேண்டாம் என்று சொல்கிற ஆளும் இல்லை. துறைமுகம் இருக்கிற மாவட்டம், அறுவடைக் காலத்தில் நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டு மழைக்குப் பயந்து இரவெல்லாம் காவல் இருக்கிற சனம். களஞ்சியசாலை தேவைதான். அதை மேட்டுக் காணியில் கட்டலாம். ஆனால் மேட்டுக் காணிக்கு விலை கூட, வயல் மலிவு. கதை அவ்வளவுதான்.

சரி, அந்தப் பெரியவரிடம் கேட்டேன், காணி கைமாறி எட்டு மாதம் ஆகிறதே, ஏன் ஐயா ஒருத்தரும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று. "காணி அவன்ட, காசு அவன்ட. உறுதிக் காணிக்குள்ள நாங்கள் போய் என்ன கேக்கிறது?"

இந்த ஒரு வசனம்தான் என்னைப் பைத்தியமாக்குகிறது. மூன்று ஊரிலும் இதையே சொன்னார்கள், படித்தவர்களும் சொன்னார்கள், ஒரு ஊரில் ஓய்வுபெற்ற அதிபர் சொன்னார். ஐயா, உங்கள் சொந்த வளவுக்குள் ஒரு கடை அறை கட்டுவதற்கே பிரதேச சபைக்குப் பிளானைத் தூக்கிக்கொண்டு நாலு தரம் அலைந்தீர்களே, அது யாருடைய காணி? உறுதி என்பது காணி யாருடையது என்று சொல்லும் பத்திரம். அதில் என்ன செய்யலாம் என்பதை உறுதி சொல்வதில்லை, சட்டம் சொல்கிறது. வயலைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் இறுக்கம். 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பவும் கூடாது, அதில் கட்டடம் எழுப்பவும் கூடாது, வேறு தேவைக்குப் பாவிக்கவும் கூடாது. மீறினால் குற்றம், நீதவான் நீதிமன்றம் வரை போகும். தனியார் காணி, அரச காணி என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. உங்கள் வயலுக்கும் அதே சட்டம், கொழும்பிலிருந்து வந்து வாங்கினவருக்கும் அதே சட்டம்.

உடனே அடுத்த பதில் வரும். "அது இப்ப வயல் இல்லை சேர், சண்டைக்குப் பிறகு செய்கை பண்ணவே இல்லை, பற்றைக் காடு." அதுவும் பிழை. முன்பு நெல் விளைந்து, இன்னும் நெல்லுக்கு ஏற்றதாக இருக்கிற நிலமும் இந்தச் சட்டத்தில் வயல்தான். இருபது வருடம் இடம்பெயர்ந்து கிடந்ததால் பள்ளம் மேடாகிவிடாது. கமநல சேவை நிலையத்தில் காணிப் பதிவேடு இருக்கிறது, போய்ப் பாருங்கள். வயலுக்கு அப்பா கட்டின ஏக்கர் வரித் துண்டு தகரப் பெட்டிக்குள் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள், அது வயல் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

எங்கள் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிளானில் 'வயல்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'தோட்டம்' என்று எழுதித் தரச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள், தேத்தண்ணி வாங்கித் தந்து கேட்டார்கள். நான் எழுதவில்லை. எல்லாரும் எழுதாமல் இருப்பார்கள் என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது. ஆகவே புதுப் பிளான் கைக்கு வந்தால் பழைய பிளானோடு பக்கத்தில் வைத்து, காணியின் விபரம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி தண்ணீர். அன்றைக்குப் போன காரியம் வீண் என்றாலும் கருவியை விரித்துவிட்டேன், மனம் கேட்கவில்லை. ரோட்டு மதகின் அடியில் ஸ்டாபை (அளவுக்கோலை) நிறுத்தி ஒரு வாசிப்பு, பெரியவரின் வயலில் ஒரு வாசிப்பு. இடையில் அறுநூறு மீற்றர் தூரம், உயர வித்தியாசம் வெறும் 23 சென்ரிமீற்றர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. மாரியில் அந்த வட்டை முழுவதும் வடிவது இந்த ஒரு சாண் சரிவை நம்பித்தான், அந்தச் சரிவின் குறுக்கே இப்போது நாலு அடி உயரத்துக்குக் கிரவல். இதை விளக்கப் பொறியியலாளர் தேவையில்லை. 1986-இல் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்ததைப் பார்த்த ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கூட்டத்தில் யாராவது "சின்ன ஸ்டோர்தானே" என்றால் பதில் கொடுக்க உதவும். உதாரணத்துக்குப் பத்து ஏக்கரை நாலு அடி உயர்த்த 17,424 கியூப் கிரவல் வேண்டும் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி). டிப்பருக்கு மூன்று கியூப் என்றால் 5,808 லோட், இறுகும்போது இன்னும் கூடும். நாளைக்கு ஐம்பது லோட் ஓடினாலும் நாலு மாதம், அதுவும் உழவு மெசினுக்கும் சைக்கிளுக்கும் போட்ட பன்னிரண்டு அடி ரோட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரத்தில். அந்தக் கிரவல் எந்த ஊர் மலையிலிருந்து வருகிறது, அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதையும் கேளுங்கள். அப்புறம் கூரை. ஒரு லட்சம் சதுர அடித் தகரத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒன்பது லட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர். மார்கழியில் எங்களுக்கு அது ஒரு நாள் மழை. வயலாக இருந்தவரை அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனது, மிச்சம் வரம்புக்குள் நின்று ஆறுதலாக வடிந்தது. இனி அரை மணித்தியாலத்தில் பீலி வழியாகப் பக்கத்துக் காணிக்குள் வந்து விழும்.

மகஜர் எழுதுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தயவுசெய்து கோபிக்காதீர்கள். எனக்குக் காட்டிய மகஜர் நாலு பக்கம். இயற்கை அன்னை, முன்னோர், எதிர்காலச் சந்ததி எல்லாம் இருந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் இருந்தது. காணித் துண்டு இலக்கம் இல்லை. வட்டையின் பெயர் இல்லை. எந்த வாய்க்கால் அடைபடுகிறது என்று இல்லை. அதை வாசிக்கிற உத்தியோகத்தர் என்ன செய்வார், பாவம்? "எதிர்ப்பு உண்டு" என்று கோவையில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். இதற்குப் பதிலாக, இன்ன பிளானில் இன்ன துண்டு, இன்ன மதகுக்கு மேலே இத்தனை அடி, கீழே இத்தனை பேருடைய இத்தனை ஏக்கர் வடிகால் இழக்கிறது என்று ஒரு பக்கம், பத்துப் பேர் கையெழுத்து, கமக்காரர் அமைப்பின் கூட்டத் தீர்மானம், மாரியில் தண்ணீர் நின்ற படம். போதும். படம் எடுத்தால் பின்னால் கோயிலோ பள்ளியோ மதகோ தெரிய எடுங்கள், வெறும் தண்ணீரை எடுத்தால் அது எந்த ஊர்த் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும். வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறின இடத்துக்கு ஒரு கோடு போட்டுத் திகதி எழுதிவையுங்கள், நான் அளக்க வரும்போது அந்தக் கோடு எனக்குப் பொன்.

கடிதத்தைக் கமநல நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் கொடுங்கள், பிரதியில் முத்திரை குத்தி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். என்ன விண்ணப்பம் போயிருக்கிறது, எந்த அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லையா? 2016-இன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு வருகிற அளவுக்குத் திட்டம் பெரிதென்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிவித்தல் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும், பார்க்காமல் விட்டால் விட்டதுதான். எந்த அளவுக்கு மேல் போனால் அந்த மதிப்பீடு வரும் என்பதற்கு எல்லை உண்டு. தொழிற்பேட்டைக்கு 10 ஹெக்டயர், காடழித்தால் ஒரு ஹெக்டயர், ஈரநிலம் நிரப்பினால் 4 ஹெக்டயர். அந்த எல்லையை வைத்துக்கொண்டு, புரோக்கர்மார் ஏன் இங்கே மூன்று ஏக்கர், அங்கே ஐந்து ஏக்கர் என்று வேறு வேறு பெயரில் வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற உறவுக்காரரிடமும் சொல்லிவையுங்கள், காணியை விற்க வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் பக்கத்துக் காணிக்காரனுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லி.

வழக்குப் போடலாம்தானே என்று கேட்பீர்கள். போடலாம், சட்டத்தரணியிடம் போங்கள், ஆனால் ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு முதலில் பதில் தேடிவைத்துக்கொண்டு போங்கள். முத்துநகர் விவசாயிகள் சூரிய மின் திட்டத்துக்கு வயலை இழந்து 2025-இல் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அது துறைமுக அதிகாரசபைக் காணி, வேறு பிரச்சினை. வயல் கையை விட்டுப் போன பிறகு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நேற்றிரவு மூதூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். வயல் மூலையில் சிவப்பு றிபன் கட்டின முளைக்கட்டை நாலு அடித்திருக்கிறார்களாம், மண் இன்னும் வரவில்லையாம். கட்டையைப் பிடுங்கவேண்டாம், படம் மட்டும் எடுங்கள் என்றேன். பழைய பிளானையும் ஏக்கர் வரித் துண்டையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை விடிய ஆறரைக்கெல்லாம் அங்கே நிற்பேன்.