கேட்டலாக் என்றால் அட்டவணையா?

சிடி சேகரிப்பைக் கணினியில் பதிந்துவைத்துத் தேட உதவும் மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், ‘கேட்டலாக்’ வந்த இடமெல்லாம் ‘அட்டவணை’ என்று போடுகிறார்கள். இது தவறு. படிக்கிறவரின் வேலையையும் இது கெடுக்கிறது.

கிரேக்கக் ‘கட்டாலொகோஸ்’ லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போய்ச் சேர்ந்தது. ஒன்றுவிடாமல் எடுத்து வரிசையாகச் சொல்வது என்று பொருள்.

‘அட்டவணை’ மராத்தி வழி வந்தது என்பர். அதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. கால அட்டவணை நம் சொல்லாகிவிட்டது. ஆனால் இன்று அது கட்டம் போட்ட டேபிளைக் குறிக்கிறது. இன்டெக்ஸுக்கும் அதையே போடுகிறார்கள். மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் ‘இன்டெக்ஸைப் புதுப்பி’, ‘கேட்டலாகைப் புதுப்பி’ இரண்டும் ஒரே வரியாகிவிடும். முதலாவது தேடலுக்கான உள்கோப்பை மட்டும் திரும்பக் கட்டும். இரண்டாவது, சிடித் தட்டைத் திரும்பப் படித்துப் பழைய பதிவின்மேல் எழுதிவிடலாம். கையால் திருத்திய பாடகர் பெயர்கள் போய்விடும்.

‘பொருளடக்கம்’ என்பார் இன்னொரு சாரார். அது சிடிக்குள்ளேயே இருக்கிற வேறொன்று. தட்டின் உள்விளிம்பில், எத்தனை பாட்டுத் தடங்கள் (99 வரை), ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்று நொடியில் 75இல் ஒரு பங்கு அளவில் எழுதியிருக்கும். பாட்டின் பெயர் பெரும்பாலும் இராது. மென்பொருள் அந்தத் தொடக்க நேரங்களிலிருந்து ஓர் அடையாளம் கணக்கிட்டு, மியூசிக்பிரைன்ஸ் போன்ற இசைத் தகவல் தளத்தில் தேடிப் பெயர்களை எடுத்து வருகிறது. மறுபதிப்பில் ஒரு தடம் சற்றே தள்ளித் தொடங்கினாலும் அடையாளம் மாறும், பெயர் வராமல் போகலாம். பொருளடக்கம் ஒரு தட்டுக்குள் அடங்கியது. கேட்டலாக் எல்லாத் தட்டுக்கும் வெளியே நிற்பது.

சரியான சொல் ‘அடைவு’. பழைய உரைகளில் ‘அடைவே’ என்றால் முறையே. சொல்லடைவு, நூலடைவு ஏற்கெனவே புழங்குகின்றன. இசைத்தட்டு அடைவு என்றால் யாருக்குப் புரியாது? இலங்கைத் தமிழில் கணினி டைரக்டரிக்கும் அடைவு என்பார்கள்தான். ‘இசைத்தட்டு’ முன்னால் நின்றால் அந்தக் குழப்பம் வராது. நூலகத்துறையின் ‘பட்டியல்’ பிழையில்லை, ஆனால் மளிகைச் சாமானுக்கு எழுதுவதும் பட்டியல்தான்.

செட்டிநாட்டுக் கணக்குப் பழக்கம் தெரிந்தவர்க்குப் பட்டியலுக்கும் அடைவுக்கும் உள்ள வேறுபாடு உடனே விளங்கும். சிட்டையில் அன்றன்று நடந்தது நடந்த வரிசையில் ஏறும். பேரேட்டில் அதுவே தலைப்பு வாரியாகப் பிரியும். வாங்கிய வரிசையில் எழுதினால் சிட்டை. பாடகர், ராகம், இசையமைப்பாளர் என எந்தத் தலைப்பில் தேடினாலும் அதே தட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் அடைவு. ‘இரண்டாங்கட்டு, இடது பெட்டகம், 3ஆம் அடுக்கு’ என்று இடமும் பதிந்திருக்க வேண்டும். இடம் சொல்லாத அடைவை வைத்துச் சிடியை எடுக்க முடியாது.

மொழிபெயர்க்கிறவர்கள் பத்துத் தட்டையாவது பதிந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும். தமிழில் தேடும்போது வரும் சிக்கலை எந்த விளக்கத்திலும் காணோம். ‘ஸ்ரீ’ கணினியில் இரு விதமாகப் பதியப்படுகிறது. சிலது ஸகரத்தில், சிலது ஶகரத்தில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் இரண்டும் வேறு. இணையத்திலிருந்து இறங்கிய பெயர்களும் நாமே தட்டியவையும் கலக்கும்போது ‘ஸ்ரீ’ உள்ள தட்டுகளில் சில தேடலில் அகப்படாது. ஒரு வடிவத்தைத் தேர்ந்து, மற்றதைத் தேடி மாற்றிவிட்டுத்தான் அடுத்த தட்டைப் போட வேண்டும்.