நெய்ஜுவென்: நெய் வராத செக்கு

சீனாவைப் பற்றிக் கொஞ்சம் தொடர்ந்து படிக்கிறவர்கள் 'நெய்ஜுவென்' என்ற சொல்லை எப்படியும் பார்த்திருப்பீர்கள். பரீட்சையைப் பற்றிய கட்டுரையிலும் வரும், மின்சாரக் கார் விலையைப் பற்றிய செய்தியிலும் வரும், கட்சிக் கூட்டத்தின் அறிக்கையிலும் வரும். தமிழில் எழுதும்போது சிலர் 'கடும் போட்டி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. போட்டி என்றால் ஒருவராவது ஜெயிக்க வேண்டாமா? இதில் அதுவும் இல்லை.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். 'நெய்' என்றால் உள்ளே, 'ஜுவென்' என்றால் சுருட்டு. உள்ளே உள்ளேயே சுருண்டுகொண்டு போவது. (நம் காதுக்கு முதல் பாதி நெய்யாகக் கேட்கிறது, ஆனால் எவ்வளவு கடைந்தாலும் ஒரு சொட்டு நெய் வராத சங்கதி இது.) சீனர்கள் சாப்பிடும் ஸ்பிரிங் ரோலின் பெயரான 'சுன்ஜுவென்' என்பதில் வருவதும் இதே ஜுவென்தான், வசந்தச் சுருள். இன்னொரு வேடிக்கை, அதே எழுத்தைத் தொனி மாற்றி வாசித்தால் பரீட்சைத் தாள் என்று பொருள். வினாத்தாள், விடைத்தாள் எல்லாமே அந்த எழுத்தை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. பின்னாளில் மாணவர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு சீன மாணவனுக்கு அந்த எழுத்தைப் பார்த்ததும் வயிற்றில் என்ன புரளும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல் பிறந்தது தெருவில் அல்ல, மானுடவியல் புத்தகத்தில். அலெக்சாண்டர் கோல்டன்வைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மாவோரி மக்களின் அலங்கார வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு, ஒரு வடிவம் முழுமை அடைந்தபின் புதிதாக ஒன்று பிறக்காமல் அதற்குள்ளேயே நுணுக்கம் மேல் நுணுக்கமாக ஏறிக்கொண்டு போவதற்கு 'இன்வொலூஷன்' என்று ஒரு பெயர் வைத்தார். அதன் சீன மொழிபெயர்ப்புதான் நெய்ஜுவென். அதை இன்னொரு அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் எடுத்து 1963இல் ஜாவாவின் நெல்வயலுக்குக் கொண்டுபோனார். டச்சுக்காரர் ஆட்சியில் அங்கே ஜனத்தொகை பெருகிக்கொண்டே போனது, போக வேறு இடம் இல்லை, அதே வயலில் இன்னும் நாலு பேர் இறங்கினார்கள், நடவையும் களையையும் இன்னும் கவனமாகச் செய்தார்கள், மொத்த விளைச்சலும் கூடத்தான் செய்தது, ஆனால் தலைக்கு எவ்வளவு என்று பிரித்தால் கணக்கு நின்ற இடத்திலேயே நின்றது. 1980களில் வரலாற்றாசிரியர் பிலிப் ஹுவாங் இதே பார்வையைச் சீனக் கிராமத்துக்குப் பொருத்தினார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: கம்பெனிக்காரன் ஆள் அதிகமானால் வேலையை விட்டு அனுப்பிவிடுவான், விவசாயக் குடும்பம் தன் பிள்ளையை எப்படி அனுப்பும்? அதனால் பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து பஞ்சு நூற்பார்கள், ஒரு நாள் கூலி என்று கணக்குப் போட்டால் சோற்றுக்கே தேறாது, ஆனாலும் நூற்பார்கள். அஸ்ஸாமில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரசெஞ்சித் துவாரா இன்னொரு பக்கம் இதை அரசாங்கத்துக்கே பொருத்தினார். வடசீனக் கிராமங்களில் வரி வசூல் கூடக்கூட இடைத்தரகர்கள்தான் பெருகினார்களே தவிர அரசின் கை வலுக்கவில்லை என்பது அவர் வாதம்.

இப்படிப் பல வருஷம் பல்கலைக்கழகத்துக்குள் சும்மா கிடந்த சொல் 2020இல் திடீரென்று வெளியே குதித்தது. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ராத்திரி சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார், கைப்பிடியின் மேல் திறந்த மடிக்கணினி, திரை எரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் படம் இணையமெல்லாம் சுற்றியது. 'சிங்ஹுவாவின் ஜுவென் வாங்' என்று பட்டம் கொடுத்தார்கள். வாங் என்றால் ராஜா. நாட்டிலேயே முதல் வரிசைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிறகும் ஒருவரால் சைக்கிளில் கூடச் சும்மா போக முடியவில்லை என்றால், நுழையாதவர்களின் கதி என்ன என்பதுதான் பார்த்தவர்களைச் சுட்டது.

அதற்குப் பிறகு 'ஜுவென்' தனியாகவே வினைச்சொல் ஆகிவிட்டது. ஆசிரியர் ஐயாயிரம் எழுத்தில் கட்டுரை கேட்டால் ஒருத்தி எட்டாயிரம் எழுதுகிறாள், அதைப் பார்த்து இன்னொருவன் பத்தாயிரம் எழுதுகிறான், மதிப்பெண் பங்கீடு மாறப்போவதில்லை, தூக்கம் மட்டும் எல்லோருக்கும் போச்சு. அப்போது அவர்கள் சொல்வது, "ஜுவென் பண்ணாதே!" சினிமா கொட்டகையில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களும் எழுந்தாக வேண்டும், கடைசியில் எல்லோரும் கால் வலிக்க நின்றுகொண்டு உட்கார்ந்தபோது தெரிந்த அதே படத்தைப் பார்ப்பார்கள், இந்த உவமையும் சீனாவில் அடிக்கடி அடிபடுவதுதான். மானுடவியலாளர் சியாங் பியாவ் அதே வருஷம் ஒரு பேட்டியில் பம்பரத்தைச் சொன்னார், நிற்காமல் சுற்றுவதற்காகத் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பம்பரம். நம் ஊர்ப் பம்பரத்துக்குச் சாட்டையைச் சுற்றி ஒரு தடவை வீசிவிட்டால் சரி, தரையில் அதுபாட்டுக்குச் சுற்றும். அவர்களுடையதைச் சுற்றச் சுற்ற அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேறுபாடு தெரிந்தால்தான் உவமை உறைக்கும். அந்த வருஷக் கடைசியில் ஷாங்காயின் மொழி இதழ் ஒன்று தேர்ந்தெடுத்த பத்துப் புதுவழக்குகளில் நெய்ஜுவெனும் இருந்தது. இதழின் பெயர் 'யாவ்வென் ஜியாவ்ஸி', சொல்லைக் கடித்து எழுத்தை மெல்லுவது என்று அர்த்தம். சொல் விளக்கம் எழுதுகிற ஆசாமிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சரி, அந்த மக்கள் ஏன் இப்படிச் சுருண்டுபோனார்கள்? ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஒரு தேர்வு, அதில் தேறுகிறவர்கள்தான் பொது மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம், மீதிப் பேர் தொழிற்கல்விக்கு. அதைத் தாண்டினால் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். எந்த மாகாணத்தில் ஹுகோவ் எனும் குடும்பப் பதிவு இருக்கிறதோ பெரும்பாலும் அங்கேதான் எழுத வேண்டும், இடங்களும் மாகாணவாரி ஒதுக்கீடு. படித்து வெளியே வந்தால் காலை 9 முதல் இரவு 9, வாரம் 6 நாள், அதைத்தான் 996 என்கிறார்கள். அலிபாபாவின் ஜாக் மா 2019இல் அது ஒரு பாக்கியம் என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். நாளுக்கு 8 மணி நேரம், மாதத்துக்கு அதிகபட்சம் 36 மணி நேரம் மிகைவேலை என்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 996 சட்டவிரோதம் என்று தெளிவாகவே சொன்னது.

இதற்கு எதிர்ச்சொல்லும் உடனே பிறந்தது, 2021 ஏப்ரலில். 'தாங்பிங்', மல்லாந்து படுத்துவிடுவது. வீடு வேண்டாம், கல்யாணம் வேண்டாம், கிடைத்ததைச் சாப்பிட்டுக் கிடப்பேன் என்ற மனநிலை அது. ஓர் இணையப் பதிவில் தொடங்கியது. பதிவு நீக்கப்பட்டது, அந்தப் பெயரில் இருந்த குழுக்கள் மூடப்பட்டன, மே மாதமே குவாங்டோங்கின் நான்ஃபாங் நாளிதழ் 'படுப்பது வெட்கக்கேடு' என்று திட்டி எழுதியது. கவனியுங்கள், படுப்பவனைத் திட்டலாம், ஓடுகிறவனை எப்படித் திட்டுவது? அதனால் தாங்பிங்குக்குக் கிடைத்த அடி நெய்ஜுவெனுக்குக் கிடைக்கவில்லை. அந்த அக்டோபரில் கட்சி இதழான சியூஷியில் வந்த ஷி ஜின்பிங்கின் கட்டுரையிலேயே இரண்டையும் தவிர்க்க வேண்டும் என்று இரு சொல்லும் அருகருகே அச்சாகின. நடுவில் ஜூலையில் 'இரட்டைக் குறைப்பு' கொள்கை வந்து, ஒன்பதாம் வகுப்பு வரை பாடங்களுக்கு லாப நோக்கில் நடந்த டியூஷன் மையங்கள் முடங்கின. முடங்கியதும் டியூஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்காரர் வேஷத்தில் வந்தார். 'உயர்தர வீட்டுப் பணியாளர்' என்ற பெயரில் நடப்பதையும் தடுங்கள் என்று கல்வி அமைச்சகமே அறிவிப்பு விட வேண்டியதாயிற்று. பந்தயத்தில் பரிசு அப்படியே இருக்கும்போது பயிற்சிக் களத்தை மட்டும் பூட்டினால் ஓடுகிறவர்கள் தெருவில்தான் ஓடுவார்கள்.

அப்புறம் சொல் மறுபடி இடம் மாறியது. 2024 ஜூலையில் கட்சியின் உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோவின் கூட்டத்தில் 'நெய்ஜுவென் பாணியிலான' நாசப் போட்டியைத் தடுக்க வேண்டும் என்றார்கள், 2025 மார்ச் அரசு அறிக்கையிலும் அது ஏறியது. இப்போது சுருளுகிறவர் மாணவர் அல்ல, கம்பெனி. 2025 மே மாதம் மின்சாரக் கார் கம்பெனியான பிஒய்டி 22 மாடல்களின் விலையைக் குறைத்தது, 'கடற்பறவை' என்ற சின்னக் கார் 69,800 யுவானிலிருந்து 55,800க்கு இறங்கியது, மற்றவர்களும் வேறு வழியில்லாமல் இறங்கினார்கள், உதிரிபாகம் கொடுத்தவர்களின் பாக்கி மாதக்கணக்கில் நிற்க, 60 நாளில் பணம் தருவோம் என்று கார்க் கம்பெனிகள் வாக்குக் கொடுக்க வேண்டிவந்தது. உணவு டெலிவரியிலும் இதே கூத்து. அக்டோபர் 15 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், அடக்க விலைக்குக் கீழே விற்கும்படி கடைக்காரர்களை ஆன்லைன் தளங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நல்லதுதான். வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் மைடியா மாதிரி சில கம்பெனிகள் சாயங்காலம் 6.20க்கு மேல் இருக்காதீர்கள் என்று ஊழியர்களை வெளியே அனுப்பியதும் செய்தியானது. ஆனால் அரசு வாயில் இந்தச் சொல் வரும்போது பெரும்பாலும் அதில் விலையும் லாபமும்தான் இருக்கின்றன, சைக்கிளில் மடிக்கணினி வைத்துக்கொண்டு போனவரைக் காணோம்.

இதனால்தான் ஒரே தமிழ்ச் சொல்லால் இதை எல்லா இடத்திலும் அடைக்க முடியாது என்கிறேன். கீர்ட்ஸ், ஹுவாங் பேசும் இடத்தில் 'உட்சுருளல்' பொருந்தும். பரிணாமத்துக்குப் 'படிமலர்ச்சி' என்று சொல்கிறோம் இல்லையா, மலர்வதற்கு எதிர் சுருள்வது, ஜோடி சரியாக அமைகிறது. மிளகாய்ச் செடியில் சுருட்டை நோய் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம், இலை உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும், செடி உயிரோடுதான் இருக்கும், வளராது. ஆனால் வினையாக்கி "நீ சுருட்டாதே" என்றால் திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி ஆகிவிடும். 'செக்கிழுப்பு' எனக்கு ரொம்ப நாள் ஆசையாக இருந்தது, சுற்றிச் சுற்றி அதே இடம். அதிலும் இரண்டு சிக்கல். செக்குமாட்டை ஓட்ட ஆள் உண்டு, இங்கே பக்கத்து மாடு ஓடுவதைப் பார்த்துத்தான் இந்த மாடு ஓடுகிறது. தவிர 'செக்கிழுத்த' என்றாலே நமக்கு வ.உ.சி.யும் கோவைச் சிறையும் வந்து நிற்கும். எண்ணெய் என்பதே எள்+நெய்தான் என்பதால் தலைப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

மாணவர்கள், அலுவலகக்காரர்கள் வாயில் வரும் ஜுவெனுக்கு 'முண்டியடிப்பு' என்பேன். பஸ் கதவில் எல்லோரும் முண்டுகிறோம், சீட்டு எண்ணிக்கை மாறுவதில்லை, "ஏன்டா முண்டுற?" என்று வினையாகவும் சரளமாக வரும். ஜுவென் வாங்குக்கு 'முண்டுராசா'. பொலிட்பீரோ அறிக்கையில் வருவதற்கோ புதுச்சொல்லே தேவையில்லை, 'அடிமாட்டு விலைப் போட்டி' என்றால் சந்தைக்குப் போகிற எவருக்கும் புரியும்.

சோதித்துப் பார்க்க ஒரு வரி. சீன இளைஞர்கள் தங்களை '45 டிகிரி' ஆட்கள் என்பார்கள், நிமிர்ந்தும் நிற்காமல் படுக்கவும் செய்யாமல் சாய்ந்து கிடப்பவர்கள். அவர்கள் வழக்கமாகச் சொல்வதைத் தமிழில் இப்படி எழுதுவேன்: "முண்டவும் தெம்பில்லை, படுக்கவும் விடமாட்டேங்கிறாங்க." அந்த 'விடமாட்டேங்கிறாங்க' மூலத்தில் இல்லை, வெறும் 'படுக்கவும் முடியவில்லை'தான் இருக்கிறது. முடியாமல் போவது யாரால் என்று அவர்கள் சொல்வதில்லை, நான் கொஞ்சம் சேர்த்துவிட்டேன்.