மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும்

ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களின் முகவுரையில் ‘ஐரோப்பியப் பொருளாதார சமூகக் குழுவின் கருத்துரையைக் கருத்தில் கொண்டு’ என்றொரு வரி வருகிறதே, அந்தக் குழுவுக்குச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் சட்டம் போடவும் முடியாது. 1957 ரோம் உடன்படிக்கையில் பிறந்த இந்தக் குழு பிரஸ்ஸல்ஸில் கூடுகிறது. மொத்தம் 329 உறுப்பினர்கள். ஜெர்மனிக்கு 24, மால்டாவுக்கு 5. அந்தந்த நாட்டு அரசு பெயர் கொடுக்க, அமைச்சர்கள் மன்றம் 5 ஆண்டுகளுக்கு நியமிக்கிறது. முதலாளிகள், தொழிலாளர்கள், குடிமைச் சமூக அமைப்புகள் (உழவர், நுகர்வோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கானவை) என மூன்று அணிகள்.

சட்ட முன்மொழிவு வந்ததும் அது ஒரு துறைப் பிரிவுக்குப் போகும். அங்கே கருத்துரையின் வரைவை எழுதும் பொறுப்போடு அறிக்கையாளர் ஒருவர் நியமிக்கப்படுவார். அவரைச் சுற்றி ஓர் ஆய்வுக்குழு அமையும். வழக்கமாக அதன் எண்ணிக்கை மூன்றின் மடங்காகவே இருக்கும்: 6, 9, 12. வரைவு ஆய்வுக்குழுவைத் தாண்டி, பிரிவின் வாக்கெடுப்பைத் தாண்டி, முழு அமர்வுக்கு வரும். அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும்.

சூட்சுமம் இதற்குப் பிறகுதான். முழு அமர்வில் தோற்ற திருத்தம் ஒன்று, பதிவான வாக்குகளில் நான்கில் ஒரு பங்காவது பெற்றிருந்தால், அதைக் குப்பையில் போட முடியாது. அதன் வாசகமும் வாக்கு எண்ணிக்கையும் கருத்துரையின் பின்னிணைப்பில் அச்சேறியாக வேண்டும். 200 பேர் வாக்களித்தால் 50 போதும். ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தனி அணி எதுவும் வெல்ல முடியாது. ஆனால் கட்டுக்கோப்பாக நின்றால், எந்த அணியும் தன் எதிர்ப்பை ஏட்டில் ஏற்றிவிடலாம். பின்னிணைப்பு நீண்டால், ‘இவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை’ என்று படிப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அந்த அச்சத்தால்தான் அறிக்கையாளர் முதல் வரைவிலேயே முதலாளி, தொழிலாளி இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிறார்.

இதே அச்சம் கெடுக்கவும் செய்யும். யாருக்கும் நோகாதபடி வாக்கியங்களைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் ‘சமநிலை தேவை’ என்பது மட்டும் மிஞ்சும். அத்தகைய வழவழப்பை விட, பின்னிணைப்போடு வரும் கருத்துரையே பயனுள்ளது என்பேன். சண்டை எந்த வரியில் என்றாவது தெரியும்.

இன்னொரு கோளாறு காலம். ஒன்றியத்தின் செயல்பாட்டு உடன்படிக்கை 304ஆம் பிரிவுப்படி, குழுவுக்குக் கெடு விதிக்கலாம். ஒரு மாதத்துக்குக் குறையக்கூடாது. கெடு கடந்தால் கருத்துரை இல்லாமலே மேலே போகலாம். ஐரோப்பிய நாடாளுமன்றம் தன் நிலையை முடிவு செய்த பிறகு வரும் கருத்துரை, பந்தி முடிந்தபின் வந்த பாயசம்.

யாரும் கேட்காமல் தானாகவும் குழு கருத்துச் சொல்லலாம். 2013 அக்டோபரில் அப்படித்தான், குறித்த காலத்தில் பழுதாகும்படி வேண்டுமென்றே குறை வைத்துச் செய்யும் பொருட்களுக்கு முழுத் தடை கேட்டது. பொருட்களைப் பழுதுபார்த்துத் தர உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் ஒன்றியச் சட்டம் 2024 ஜூனில் வந்தது. அந்தக் கருத்துரையின் விளைவுதான் இது என்று சொன்னால் மிகை. குழு கேட்ட முழுத் தடையும் அதில் இல்லை. முகவுரையில் அந்த ஒரு வரி மட்டும் வழக்கம்போல் இருக்கிறது.