மணிச்சத்து மிகுந்தால் வேர் யாரையும் அழைக்காது

எலுமிச்சைக் கன்று நட்ட குழியில் வேர் உட்பூசணமும் (வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் பூஞ்சை) போட்டு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் சூப்பர் பாஸ்பேட்டையும் தாராளமாகக் கொட்டினால் இரட்டிப்புப் பலன் கிடைக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிடைக்காது. காரணம் அழகானது.

தழைச்சத்தை (நைட்ரஜன்) பற்றிக் கவலை குறைவு. நைட்ரேட்டாக மாறியதும் தண்ணீரோடு வேருக்கு வந்துவிடும். மணிச்சத்து நகரவே நகராது. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்ததும் கன்று தவிக்கும். எலுமிச்சைக்கு வேர்த்தூவிகளும் குறைவு.

வேர் உட்பூசணத்தின் இழைகள் அந்த வறண்ட எல்லையைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போய் மணிச்சத்தைக் கொண்டுவரும். வேர்ச் செல்லுக்குள் அவை குட்டி மரம்போலக் கிளைவிடும். செல்லின் சவ்வைக் கிழிக்காமல், அதை உறைபோலப் போர்த்திக்கொண்டே கிளைக்கும்! கொடுக்கல் வாங்கல் அங்கேதான். மணிச்சத்துக்கு விலை சர்க்கரையும் கொழுப்பும். சில நாட்களில் அந்தக் கிளைகளைச் செல்லே கரைத்துவிடும். பிறகு புதியவை முளைக்கும்.

பூஞ்சையை வரவழைப்பதும் வேர்தான். மணிச்சத்துக் குறைந்தால் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அது பட்டதும் இழை கிளைகிளையாகப் பிரியும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2005இல் காட்டினார்கள். ஆனால் இந்த வகைப் பொருள் 1966லேயே பருத்தி வேர்க்கசிவில் கிடைத்திருந்தது, பயிர் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்கவைக்கும் பொருளாக. நண்பனுக்கு விடுத்த அழைப்பை ஒட்டுண்ணியும் ஒட்டுக்கேட்கிறது.

சரி, சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினால்? மணிச்சத்து நிறைந்த செடி அழைப்பைக் குறைத்துவிடும். சர்க்கரையைச் செலவழிக்க அதற்கு அவசியமில்லை. காசு கொடுத்து வாங்கிய பூஞ்சை வாசலிலேயே நிற்கும்.

எனவே மண் பரிசோதனை முதலில். மணிச்சத்து நிஜமாகவே குறைவென்றால் பரிந்துரைத்த அளவு மட்டும் போடுங்கள். உட்பூசணம் வேரில் படவேண்டும். மக்கிய தொழு உரத்தோடு குழியில் இடலாம். ரசாயன உரத்தோடு கலந்து வைத்தால் உப்பே அதைக் கெடுத்துவிடும். யூரியாவையும் பொட்டாஷையும் கன்று வேர்பிடித்த பிறகு, தண்டைவிட்டுத் தள்ளி, ஈரமண்ணில் சிறுசிறு தவணையாகக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உட்பூசணம் போன்ற உயிர் உரத்துக்கு ஒதுக்கும் பொதுப்பணத்தில் ஒரு பங்கு, பொட்டலத்தில் இருப்பது உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் கூடங்களுக்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செத்த பூஞ்சையை வாங்கிப் போட்டவருக்கு அது கண்ணால் பார்த்துத் தெரியாது.