மடைமாற்று: ‘டைவர்ஷன்’ என்ற சொல்லுக்கு வாய்க்கால் தரும் தமிழ்

கோவை அவிநாசி சாலையில் மேம்பால வேலை நடந்த ஆண்டுகளில் ‘டைவர்ஷன்’ என்ற சொல் ஆங்கிலம் படியாதவர் நாவிலும் இயல்பாகப் புழங்கத் தொடங்கியது. சாலை அடைபட்டிருக்கிறது, இப்படிப் போனால் ஊர் சேரலாம் என்பதே அங்கு அதன் பொருள். இதே சொல் நீதித்துறையில் ஒரு கலைச்சொல்லாகவும் வழங்குகிறது. 18 வயது நிறையாத ஒருவர் மீது குற்றச்சாட்டு எழும்போது, அவரை நீதிமன்ற விசாரணைக்கும் அடைத்துவைப்புக்கும் இட்டுச் செல்லும் நடைமுறையிலிருந்து விலக்கி, குடும்பத்துக்கும் பள்ளிக்கும் ஊருக்கும் உள்ளேயே அவரைத் திருத்தி நிறுத்தக்கூடிய வேறொரு நடைமுறையில் சேர்ப்பதை அது குறிக்கிறது. இந்தப் பொருளைச் சொல்ல இன்றும் நாம் ஆங்கிலச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அல்லது ‘திசைதிருப்புதல்’ என்று பொருந்தாத ஒன்றை எழுதிவிடுகிறோம். பாயும் நீரை ஒரு வயலிலிருந்து வேறு வயலுக்குத் திருப்பிவிடுவதைக் குறிக்கக் கொங்கு நாட்டு உழவர் வாயில் அன்றாடம் வழங்கும் ‘மடைமாற்று’ என்ற சொல் இதற்குப் பொருந்தும் என்பது என் துணிபு.

முதலில் வேரைப் பார்ப்போம். ‘விலகி’ என்று பொருள்படும் முன்னொட்டும் ‘திரும்பு’ என்று பொருள்படும் வினையும் சேர்ந்த இலத்தீன் சொல்லிலிருந்து ‘டைவர்ஷன்’ பிறந்தது. மணவிலக்கைக் குறிக்கும் ‘டைவர்ஸ்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆற்றை வேறு பக்கம் திருப்புவது, எதிரிப் படையின் கவனத்தைச் சிதறடிப்பது, பொழுதுபோக்கு என்று பல பொருள்களில் ஆங்கிலம் அதை ஆண்டது. சட்டப்பொருள் மிகப் பிற்பட்டது. அமெரிக்காவில் குற்றத்தடுப்பு பற்றி ஆராயக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் 1967-ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தபோது, சிறுவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் முன்பே அவர்களை ஏற்றுக்கொள்ள ஊர்தோறும் இளைஞர் சேவை அமைப்புகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தச் சிந்தனையை ஒட்டியே சொல்லும் பரவியது. சிறார் நீதிக்கென 1985-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பெய்ஜிங் விதிகளில் 11-ஆம் விதி முழுவதும் இதைப் பற்றியதே.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதன்று. சிறுவரைப் பெரியவரோடு சிறையில் அடைக்கலாகாது என்ற கருத்தோடு இந்தியாவிலேயே முதன்முதலாகக் ‘குழந்தைகள் சட்டம்’ என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான். அது 1920-ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம். இன்று நடைமுறையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தன் 3-ஆம் பிரிவில் அடிப்படை நெறிகளைத் தொகுத்துச் சொல்கிறது. குழந்தையின் நலனோ சமூகத்தின் நலனோ வேறுவிதமாகக் கோரினாலன்றி, நீதிமன்ற நடவடிக்கை இல்லாமலே சட்டத்துடன் முரண்பட்ட குழந்தைகளை நடத்தும் வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஒரு காப்பு இல்லத்தில் வைப்பது கடைசிப் புகலாகவே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இது தாளில் மட்டும் இருக்கும் நெறி என்று எண்ணிவிட வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த குடும்பத்தில், பள்ளியை இடையில் விட்ட 16 வயதுப் பையன் ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் பக்கத்தில் வைத்திருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்ப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரையே சிறைத் தண்டனை உண்டு என்பதால், இளைஞர் நீதிச் சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். அவன் பெரியவர்களோடு சேர்ந்து அதைச் செய்யாத வரை, முதல் தகவல் அறிக்கை பதியாமல், காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, அவனுடைய சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறுகின்றன. அந்தக் குழுமத்தில் ஒரு நடுவரோடு சமூகப் பணியாளர் இருவர் அமர்வர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் மெய்ப்பட்டாலும் அறிவுரை, குழு ஆற்றுப்படுத்தல், சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல வழிகளைச் சட்டம் முதலில் வரிசைப்படுத்திய பிறகே, குற்றம் மெய்ப்பட்ட சிறாரைத் தங்கவைக்கும் சிறப்பு இல்லத்தைச் சொல்கிறது. ஆக, வழிகள் இருக்கின்றன. அவ்வழிகளில் ஒரு பையனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலுக்குத்தான் தமிழில் பெயரில்லை.

‘திசைதிருப்புதல்’ ஏன் ஆகாது? தமிழில் அது கவனத்தைக் கலைப்பதையும் வழக்கின் போக்கைக் கெடுப்பதையும் குறித்துப் பழகிவிட்டது. ‘வழக்கைத் திசைதிருப்பினார்கள்’ என்று படிக்கும் எவரும் அதில் ஒரு கள்ளத்தனத்தைக் காண்பர். ‘விலக்கல்’ பாதி வேலையை மட்டுமே சொல்கிறது. எதிலிருந்து என்று சொல்லும், எதற்கு என்று சொல்லாது. சாலைப் பலகையில் எழுதப்படும் ‘மாற்றுப்பாதை’ நல்ல தமிழ்தான், ஆனால் அது பாதைக்குப் பெயர், பாதைக்கு மாற்றும் செயலுக்குப் பெயரன்று. அந்தப் பலகையைப் பார்த்து வண்டியோட்டிதான் திரும்பிக்கொள்கிறார். 16 வயதுப் பையன் தானாகத் திரும்பிக்கொள்ள முடியாது, யாரோ ஒருவர் நின்று திருப்பிவிட வேண்டும்.

நின்று திருப்பிவிடும் அந்தச் செயல்தான் மடைமாற்று. பவானி ஆற்றையும் நொய்யலையும் இணைக்கும் காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நாடு இது. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலும் உள்ள இந்நாட்டில், நீரைத் தேக்குவதற்கு நிகராக நீரைத் திருப்புவதற்கும் சொற்கள் வளர்ந்திருக்கின்றன. கீழ்பவானியில் ஒரு பருவம் ஒற்றைப்படை மதகுகளுக்கும் அடுத்த பருவம் இரட்டைப்படை மதகுகளுக்கும் தண்ணீர் விடுவது முறை. மதகு பெரியது, மடை சிறியது, ஒரு வயலுக்கோ ஒரு பாத்திக்கோ நீர் புகும் வாய். கோயில் மடைப்பள்ளியில் வரும் மடை உணவைக் குறிக்கும் வேறொரு பொருள். அதை இங்கே கலக்க வேண்டியதில்லை.

சிறுவயதில் கோபிசெட்டிபாளையம் பக்கம் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) நெல்வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது மம்பட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் வரப்பில் நின்றுகொள்வார். ஒருமுறை நான் அவசரப்பட்டு ஓடிக்கொண்டிருந்த மடையை முதலில் அடைத்துவிட்டேன். ‘அந்த மடையத் தொறந்து உட்டுப்போட்டு இதைய அடைக்கோணுங் கண்ணு, இல்லீனா வரப்பு பிச்சுக்கும்’ என்றார். சொல்லி முடிக்கும் முன்பே வரப்பின் ஓரம் கரைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்ந்தது. மாற்றுவது என்றால் ஒன்றை அடைப்பது மட்டுமன்று, மற்றொன்றை முதலில் திறப்பது என்பதை அன்று கற்றேன். இளைஞர் நீதியில் ‘டைவர்ஷன்’ என்பதன் உட்பொருளும் அதுவே. இல்லத்துக்கு அனுப்பாமல் விடுவது மடையை அடைப்பது. ஆற்றுப்படுத்துநர், தொழிற்பயிற்சி, பள்ளியில் மறுசேர்க்கை, பொறுப்பேற்கும் ஒரு பெரியவர் ஆகியவற்றை முன்கூட்டி ஆயத்தமாக வைத்திருப்பது மடையைத் திறப்பது. பின்னது இல்லாமல் முன்னதை மட்டும் செய்தால் அது வெறும் விட்டுவிடுதல். அப்படி விடப்பட்ட பையன் மறுபடியும் பிடிபடும்போது ‘இதனால்தான் இவர்களை உள்ளே போட வேண்டும்’ என்று ஊர் பேசும்.

இச்சொல்லுக்கு இரண்டு தடைகள் சொல்லப்படலாம். ‘நிதியை மடைமாற்றம் செய்தனர்’ என்று நாளிதழ்கள் முறைகேட்டைக் குறிக்க இதை ஆள்கின்றனவே என்பது முதல் தடை. அந்தப் பொருளுக்கு ‘மடைமாற்றம்’ இருந்துவிட்டுப் போகட்டும்; ‘மடைமாற்று’ என்ற வடிவத்தைச் சிறார் நீதிக்கென்று நிலைநிறுத்துவோம். இரண்டாவது தடை ஆழமானது. தண்ணீருக்கு விருப்பமில்லை, பிள்ளைக்கு உண்டு. பெய்ஜிங் விதிகளும் இதைக் கருதியே, சமூகச் சேவைகளுக்கு ஒரு சிறாரை அனுப்பும் மடைமாற்று எதற்கும் அவருடைய இசைவோ பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவோ வேண்டும் என்கின்றன. உவமை இந்த இடத்தில் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இச்சொல்லை ஆள்வோர் ‘இசைவோடு கூடிய மடைமாற்று’ என்று சட்ட ஆவணங்களில் எழுதுவது நலம்.

மடையைத் திறந்துவிட ஆள் வேண்டும் என்றேன். அந்த ஆள் யார் என்பதில்தான் அடுத்த சொற்சிக்கல் வருகிறது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இளைஞர் நீதி மற்றும் குற்றத்தடுப்புச் சட்டம், பள்ளிக்குப் போகாமை, வீட்டைவிட்டு ஓடுதல் போன்று பெரியவர் செய்தால் குற்றமாகாத செயல்களுக்காகப் பிள்ளைகளை அடைத்துவைப்பதைக் கைவிடுமாறு மாநிலங்களைக் கேட்டது. அதற்கான திட்டம் வகுக்கும் பணியில் மாநிலந்தோறும் ஒரு குடிமக்கள் குழு பங்கேற்க வேண்டும் என்றும் விதித்தது. இன்றைய வடிவில் அக்குழுவில் 15 முதல் 33 உறுப்பினர் வரை இருப்பர். தலைவர் உள்ளிட்ட பெரும்பான்மையினர் முழுநேர அரசு ஊழியராக இருத்தல் கூடாது. ஐந்தில் ஒரு பங்கினர் நியமிக்கப்படும்போது 28 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். சிறார் நீதி அமைப்பின் வழியே தாமே போய்வந்தவர் குறைந்தது மூவரும், அது இயலாதபோது அத்தகையோரின் பெற்றோரும் இடம்பெற வேண்டும். அடைபட்டிருந்த ஒருவரை மேசையின் மறுபக்கத்தில் திட்டமிடுபவராக உட்காரவைக்கும் இந்த விதியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே சென்று, 1971 முதல் பயிற்சி பெற்ற பொதுமக்கள் மூவர் கொண்ட அமர்வே குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இத்தகைய குழுவைத் தமிழில் ‘அறிவுரைக் குழு’ என்பது கூடாது. குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டவரின் அடைப்பு சரியா என்று ஆராயும் அமைப்புக்கு இங்கே ‘அறிவுரைக் கழகம்’ என்று பெயர். அந்த நிழல் இதன்மேல் விழக்கூடாது. மேலும், அறிவுரை என்பது மேலிருந்து கீழே சொல்வது. பையன்களுக்குப் புத்தி சொல்லும் கூட்டம் என்ற மயக்கத்தை அது தரும். இக்குழுவோ அரசோடு கலந்து ஆராய்கிறது, பிள்ளைகளோடும் கலந்து ஆராய்கிறது. ‘கலந்தாய்வு’ கல்லூரிச் சேர்க்கைக்குப் போய்விட்டது. ‘சூழ்ச்சி’ என்பது பழந்தமிழில் ஆராய்ந்து எண்ணுதலையே குறித்தாலும் இன்று வஞ்சகத்தை மட்டும் குறிப்பதால் மீட்க முடியாத நிலையில் இருக்கிறது. ‘குடிமக்கள் மடைமாற்றுக் குழு’ என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. குழுவின் வேலை பெயரிலேயே விளங்கும்.

இங்கே அதற்கு வித்து இல்லாமலில்லை. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. குழந்தைத் திருமணத்தையும் குழந்தைத் தொழிலாளர் முறையையும் பேசும் அக்குழுவின் மேசைக்கு, நாட்குறிப்பில் பெயர் ஏறிய பையனின் எதிர்காலமும் வர வேண்டும் என்பதே நான் கேட்பது. செங்கல்பட்டில் ஓர் அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்ததையடுத்து, தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை 2023-இல் அமைத்து இல்லங்களின் நிலையை ஆராயச் சொல்ல வேண்டியிருந்தது. விசாரணை முடியும் வரை சிறாரை வைத்திருக்கும் இடத்துக்குக் ‘கூர்நோக்கு இல்லம்’ என்பது அழகிய தமிழாக்கம்; தண்டிக்காமல் கூர்ந்து கவனித்து அறிவதே அதன் நோக்கம் என்று பெயரே சொல்கிறது. ஆயினும் ஊர் அதை இன்னும் ‘பையன் ஜெயில்’ என்றே அறிகிறது என்றால் பழுது சொல்லில் இல்லை.

மடையோடு சேர்ந்த இன்னொரு சொல்லும் இங்கே பயன்படும். வாய்க்கால் தொடங்கும் இடத்து நிலம் தலைமடை, முடியும் இடத்து நிலம் கடைமடை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை என்பது கீழ்பவானிக் கரையில் குழந்தைக்கும் தெரியும். மடைமாற்றிலும் அப்படியே. வழக்கறிஞரைத் தெரிந்த தந்தை, நல்ல பள்ளி, சொந்த வீடு உள்ள பையன் தலைமடையில் இருக்கிறான். அவனுக்குச் சொல்லாமலே வேறு வழி திறக்கும். வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி ஆலையில் வேலைசெய்யும் பையனுக்கோ, பிணைக்கு நிற்க ஒருவரும் இல்லை. ‘பொறுப்பேற்க ஆளில்லை’ என்ற ஒரே காரணத்தால் இல்லத்துக்குள் போகக்கூடியவன் அவன்தான். குடிமக்கள் குழு முதலில் கேட்க வேண்டிய கணக்கு, மாவட்டத்தில் எத்தனை பேர் மடைமாற்றப்பட்டனர் என்பதன்று, அவர்களில் கடைமடைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது.