பையின் இலக்கங்களில் ஒரு தமிழ் வாக்கியம்

பை எண்ணின் இலக்கங்களையே சொற்களின் எழுத்தெண்ணிக்கையாக வைத்து ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதுகிறார்களே, தமிழிலும் முடியுமா என்று ஹட்டன் பக்கத்திலிருந்து சாதாரண தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் இன்னும் வசதி என்பது என் கட்சி.

வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுத்தால் வருவது பை. வகுப்பில் போடும் 22/7 இரண்டு தசமதானம் வரைக்கும்தான் சரி. உண்மைப் பெறுமானம் 3.1415926535 என்று முடிவில்லாமல், திரும்பத் திரும்ப ஒரே வரிசை வராமல் போகும். இது விகிதமுறா எண், அதாவது இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண் என்று கணிதவியலாளர் லம்பேர்ட் 1760களிலேயே நிறுவிவிட்டார். ஒழுங்கு தெரியாத இலக்கங்கள் மனதில் நிற்காது. பொருளுள்ள வாக்கியம் நிற்கும். ஆகவே முதல் சொல்லுக்கு 3 எழுத்து, அடுத்ததற்கு 1, அப்புறம் 4, 1, 5, 9 என்று எழுதுகிறார்கள். மைக் கீத் 2010இல் இப்படி 10,000 இலக்கங்களுக்கு ஒரு முழு நூலே எழுதி வெளியிட்டார்.

சரி, நம் மலைநாட்டுக்கு ஒன்று:

அக்கா, நீ மஞ்சள் பூ கொண்டையில் ஆடிக்கொண்டிருக்க மலை ஏறுகின்றாய். கூடைக்குள் தளிர் நிறைகிறது.

மெய்யும் உயிர்மெய்யும் தலைக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள். 'கொண்டையில்' என்பதில் கொ, ண், டை, யி, ல் என ஐந்து. யூனிகோட் குறிகளை எண்ணும் கணினி அதையே பத்து என்று சொல்லும். கையால் எண்ணுவதுதான் நல்லது.

1 என்ற இலக்கத்துக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைப்பது பெரும்பாடு. நமக்கோ ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூலே கணக்குக் கொடுக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது நிகழ்கால இடைநிலை. 'ஏறுகிறாய்' என்றால் ஐந்து எழுத்து, 'ஏறுகின்றாய்' என்றால் ஆறு. பொருள் இம்மியும் மாறவில்லை, இலக்கம் மாறிவிட்டது! கிறு, கின்று என்று இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ இலக்கணமே வழிவிடுகிறது. மேலே 6 வேண்டிய இடத்தில் 'ஏறுகின்றாய்', 5 வேண்டிய இடத்தில் 'நிறைகிறது'.

சிக்கல் புணர்ச்சியில் இருக்கிறது. 'பச்சை' மூன்றெழுத்து. பக்கத்தில் பூ வந்தால் 'பச்சைப் பூ' என்று ஒற்று மிகுந்து நான்காகிவிடும். அதாவது ஒரு சொல்லின் இலக்கத்தை அடுத்த சொல் தீர்மானிக்கிறது. 'மலை ஏறுகின்றாய்' என்பதைச் சேர்த்து 'மலையேறுகின்றாய்' என்று எழுதினாலோ 2, 6 இரண்டும் காணாமல் போய் ஒரே 8 நிற்கும். ஆகவே எழுதியவர் எங்கே பிரித்தாரோ அங்கேயே பிரித்துப் படிக்க வேண்டும். 'கொழுந்து' என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அது நான்கெழுத்து, 3 வேண்டிய இடத்தில் 'தளிர்' வந்தது.

பெயரின் எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்டம் சொல்கிறவர்களும் எழுத்தையும் எண்ணையும்தான் முடிச்சுப் போடுகிறார்கள். அதை நம்பிக் காசு கொடுத்துப் பிள்ளையின் பெயரை மாற்றுவது எனக்கு வேதனையான விடயம். பை வாக்கியத்தில் யாரும் எண்ணிப் பிழை பிடிக்கலாம். அதிர்ஷ்ட எண்ணில் எதை வைத்துப் பிழை என்று காட்டுவது? அந்தக் காசுக்கு ஒரு கணிதப் புத்தகம் வாங்கலாம்.

வாக்கியத்தை நீட்ட விரும்பினால் அடுத்து வருவன 8, 9, 7, 9. 'லயத்திலிருந்து' எட்டு, 'தோட்டத்திலிருந்து' ஒன்பது. முதல் பூச்சியம் 32ஆவது தசமதானத்தில்தான் வரும். அதற்குப் பத்தெழுத்துச் சொல் போடுவது வழக்கம். 'மலைச்சரிவிலிருந்து' சரியாகப் பத்து.